வாக்கு பலிக்கும் வழி

லானிஸ்போர்ட் நகரில் டைவின் பிரபு நடத்திய வீரப் போட்டியின்போது, குறிசொல்லும் கிழவி ஒருத்தியின் கூடாரத்துக்குள் மூன்று சிறுமிகள் நுழைகிறார்கள். ஒருத்தி பயந்து ஓடிவிடுகிறாள். மிச்சமிருக்கும் இருவரில் ஒருத்தி டைவினின் மகள் செர்சி, வயது பத்து. ஒரு துளி ரத்தம் கொடுத்தால் மூன்று கேள்வி கேட்கலாம் என்கிறாள் கிழவி. இளவரசனை எப்போது மணப்பேன் என்று கேட்கிறாள் செர்சி. இளவரசனை மணக்கமாட்டாய், அரசனை மணப்பாய் என்று பதில் வருகிறது. அரசியாவேனா என்கிறாள். ஆவாயென்றும், அவளைவிட இளையவளும் அழகியுமான ஒருத்தி வந்து கீழே தள்ளும்வரைதான் அது என்றும் தெரிகிறது. பிள்ளைகள்? கணவனுக்குப் பதினாறு, அவளுக்கு மூன்று. அந்த மூவரும் முடிசூடுவார்கள், மூவரும் தாய்க்கு முன்பே போய்ச்சேர்வார்கள் என்று பொருள்படும்படி சொல்கிறாள் கிழவி. பிறகு கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறாள்: அழுது ஓய்ந்த பிறகு செர்சியின் கழுத்தை நெரித்துக் கொல்லப்போகிறவன் ஒரு ‘வாலொன்கார்’. பழைய வலீரிய மொழியில் அதற்குத் தம்பி என்று பொருள் என்பதைச் செர்சி பின்னால்தான் தெரிந்துகொள்கிறாள்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிவரும் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையின் நான்காவது நாவல் ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’. 2005இல் வெளிவந்த அந்த நூலில்தான் இந்தக் காட்சி இருக்கிறது. ஐந்தாவது நாவல் 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. இவ்வளவு காலமும் வாசகர்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஒரே கேள்வி: அந்தத் தம்பி யார்? செர்சிக்கு இரண்டு தம்பிகள். ஏழு வயது இளையவன் டிரியன். நிமிடக்கணக்கில் இளையவன் அவளுடன் இரட்டையாகப் பிறந்த ஜேமி.

இந்தக் கேள்வியை விளையாட்டென்று ஒதுக்குபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. வில்லனின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும் எழுத்தாளர் வாசகரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். முடிவு இதுதான், எப்படி என்பதை நீ கண்டுபிடி, கண்டுபிடிக்கப் போதுமான பொருளை நான் கதைக்குள் வைப்பேன் என்பதே அதன் சாரம். அந்த ஒப்பந்தத்தை மதிக்கும் கதையில் யூகம் என்பது வாசிப்பின் உச்சம். ஆனால், பெரும்பாலான யூகங்கள் தவறான இடத்திலிருந்து தொடங்குகின்றன என்பது என் எண்ணம். கொல்பவன் யார் என்று தேடுகிறோம். வாக்கைக் கேட்ட நாளிலிருந்து வில்லன் என்னென்ன செய்தான், யாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டான் என்று தேடினால்தான் வழி புலப்படும். இதற்கு மிகுபுனைவின் வரலாற்றிலேயே போதுமான சான்றுகள் இருக்கின்றன.

விதியைத் தப்பப் பார்த்து விதியிலேயே போய் விழுவது உலகமெங்கும் உள்ள கதை. அமெரிக்க நாட்டாரியல் அறிஞர் ஸ்டித் தாம்சன் தொகுத்த கதைக்கூறு அட்டவணையில் எம் 370 என்ற எண் முழுக்க இதற்குத்தான்: வாக்கு பலிக்காமல் தடுக்கும் வீண் முயற்சிகள். கிரேக்கத்தில் ஆர்கோஸ் நகர மன்னன் அக்ரிசியஸ் பேரனால் சாவான் என்று கேட்டதும் மகளைச் சிறை வைத்தான். பிறந்த பேரனைத் தாயோடு பெட்டியிலிட்டுக் கடலில் விட்டான். பேரன் பெர்சியஸ் வளர்ந்து ஒரு விளையாட்டுப் போட்டியில் எறிந்த வட்டு தவறிப் போய்த் தாத்தாவின் மேல் பட்டது. கம்சன் கதையைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அசரீரியைக் கேட்ட கணத்திலேயே அவன் தங்கையின் கூந்தலைப் பிடித்துவிட்டான். எட்டாம் பிள்ளை அவனைத் தேடி வருவதற்கான காரணம் முழுவதையும் அவனே உண்டாக்கினான். தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர், ஒரு கணிப்பு தான் கணித்த நிகழ்வையே பாதிப்பதற்கு ஈடிபஸின் பெயரைச் சூட்டினார். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல், தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் கணிப்பைப் பற்றி எழுதிய கட்டுரை அந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றாகிவிட்டது. வங்கி திவாலாகும் என்று எல்லோரும் நம்பிப் பணத்தை எடுத்தால் நல்ல வங்கியும் திவாலாகும் என்பது அவர் காட்டும் உதாரணம். கம்சனின் சிறைச்சாலையும் அந்த வங்கியும் ஒரே விதிப்படி இயங்குகின்றன.

இதற்கு அருகிலேயே இன்னொரு வகைக் கதையும் உண்டு. அங்கே வாக்கு பாதுகாப்பைப் போல் ஒலிக்கும். இன்னதால் உனக்குச் சாவில்லை, இன்னாரால் உனக்குச் சாவில்லை என்று அடுக்கும். அடுக்கியதில் ஓர் இடைவெளி இருக்கும். இரணியனுடைய வரம் இந்த வகை. கம்பர் அந்தக் கதையை வைத்த இடம் எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. யுத்த காண்டத்தில், இராவணனின் அவையில், வீடணன் வாயால் இரணியன் வதை சொல்லப்படுகிறது. வான்மீகத்தில் இந்த இடத்தில் அந்தக் கதை இல்லை. வரங்களால் தன்னை மூடிக்கொண்டு ஓர் இடைவெளியில் அழிந்தவனின் கதையை, அதேபோல வரங்களால் மூடிக்கொண்டு மனிதரையும் குரங்கையும் கணக்கில் எடுக்காமல் விட்ட ஒருவனிடம் தம்பி எடுத்துச் சொல்கிறான். இராவணன் மனிதரிடமிருந்து காப்புக் கேட்காததற்குக் காரணம் மறதி இல்லை. மனிதர் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இடைவெளி வரத்தின் சொற்களில் தெரிந்தாலும், அது உருவான இடம் அவனுடைய இளக்காரம்.

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ இந்த இரண்டு வகையையும் ஒன்றாகக் கட்டுகிறது. ஏறத்தாழ 1606இல் எழுதப்பட்ட நாடகம் அது. நான்காம் அங்கத்தில் சூனியக்காரிகள் மேக்பெத்துக்கு மூன்று உருவங்களை வரவழைத்துக் காட்டுகிறார்கள். கவசமணிந்த தலை ஒன்று மேக்டஃபிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. அடுத்து ரத்தத்தில் நனைந்த குழந்தை ஒன்று வந்து, பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்ற பொருளில் பேசுகிறது. மூன்றாவதாக, முடிசூடிய குழந்தை ஒன்று கையில் மரத்துடன் வந்து, பர்னம் காடு கிளம்பி டன்சினேன் குன்றுக்கு வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்கிறது. மேக்பெத் காதால் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியடைகிறான். ஆனால், விடை அவன் கண்முன்னால் நிற்கிறது. ரத்தத்தில் நனைந்த குழந்தை, தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட மேக்டஃப். முடிசூடிக் கையில் மரம் ஏந்திய குழந்தை, படைவீரர்களைக் கிளை ஒடித்து ஏந்திவரச் சொல்லப்போகிற இளவரசன் மால்கம். பேச்சு பொய்யான நம்பிக்கை தருகிறது, காட்சி உண்மையைக் காட்டுகிறது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளருக்கும் அந்தக் காட்சி அதே நேரத்தில் கிடைக்கிறது. ஒப்பந்தத்தை மதிப்பதென்றால் இதுதான்.

அதோடு முடியவில்லை. உருவங்கள் மறைந்தவுடன் மேக்பெத் செய்யும் முதல் வேலை, மேக்டஃபின் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்ல ஆள் அனுப்புவது. மேக்டஃப் அப்போது இங்கிலாந்துக்குப் போய்விட்டான். அந்தப் படுகொலையால் அரசியல் நன்மை எதுவும் இல்லை. அதுவரை அரசியல் எதிரியாக இருந்தவன் அதன்பின் மேக்பெத்தைத் தன் கையாலேயே கொன்றாகவேண்டிய தகப்பனாகிறான். வாக்கில் இருந்த இடைவெளி மேக்டஃபின் பிறப்பில் இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது மேக்பெத்தின் செயல். பர்னம் காட்டையும் பிறப்பு நுணுக்கத்தையும் மட்டும் பேசும் விளக்கங்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகின்றன.

ஜே. ஆர். ஆர். டோல்கீனுக்குப் பள்ளி நாட்களிலிருந்தே அந்தக் காட்டின்மீது ஆத்திரம். காடு வரும் என்று சொல்லிவிட்டுக் கிளையோடு ஆட்களை வரவழைத்தது அவருக்குப் பெருத்த ஏமாற்றம். 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். மரங்கள் உண்மையிலேயே போருக்குக் கிளம்பவேண்டும் என்ற ஆசைதான் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் எண்ட்களாக நடந்துவந்து ஐசன்கார்டைத் தகர்த்தது. பெண் வயிற்றில் பிறவாதவன் என்ற மற்ற வாக்கையும் அவர் தன் வழியில் மறுபடி எழுதினார் என்றே நான் படிக்கிறேன். அங்மாரின் சூனிய வேந்தன் ஆணின் கையால் சாகமாட்டான் என்பது க்ளோர்ஃபிண்டலின் பழைய வாக்கு. பெலன்னோர் போர்க்களத்தில் அவனை வீழ்த்துகிறவர்கள் ரோகன் நாட்டு இளவரசி எயோவினும் குள்ள இனத்து மெர்ரியும்.

இதைச் சொல்விளையாட்டென்று சுருக்கிவிடுவது எளிது. டோல்கீன் அதற்காக எவ்வளவு முன்னாலிருந்து வேலை செய்கிறார் என்று பார்த்தால் அப்படிச் சுருக்கத் தோன்றாது. மெர்ரியின் கையிலிருக்கும் வாள், நாவலின் முதல் பாகத்தில் பழைய கல்லறை மேட்டிலிருந்து டாம் பாம்படில் எடுத்துக் கொடுத்தது. அங்மாருக்கு எதிரான போரில் வடநாட்டு மனிதர்கள் அடித்த வாள் அது. அதாவது, இந்த வேந்தனைக் கொல்வதற்கென்றே நூற்றாண்டுகளுக்கு முன்னால் செய்த ஆயுதம். முதல் பாகம் 1954 ஜூலையில் வந்தது. வேந்தன் சாகும் மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில் வந்தது. இடையில் ஓராண்டுக்கு மேல் அந்த வாள் வாசகர் கண்ணெதிரே ஒரு சின்ன ஆளின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் பாகத்திலும், ஆண்வேடமிட்ட எயோவின் மெர்ரியைத் தன் குதிரையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் மந்திரவாதி கண்டால்ஃப் அந்தப் பழைய வாக்கைக் குறிப்பிடுகிறார். கவனமாகப் படித்தவருக்கு எல்லாம் கையில் இருந்தன. வேந்தனின் கணக்கில் இல்லாதவர்கள் யார்? போருக்கு வராதே என்று வீட்டில் விடப்பட்ட பெண்ணும், எவரும் ஆளாக மதிக்காத குள்ளனும். இராவணன் விட்ட இடைவெளியின் வடிவமும் இதுதான்.

வாக்கைக் கேட்டவன் செய்வதே வாக்கைப் பலிக்கவைக்கிறது என்பதை நவீன மிகுபுனைவில் யாரும் ஜே. கே. ரோலிங் அளவுக்கு வெளிப்படையாக எழுதவில்லை. அவருடைய ஹாரி பாட்டர் நாவல்களில், 1980இல் ஒரு மலிவான விடுதியில் குறிசொல்லும் சிபில் டிரெலானி உரைத்த வாக்கு இரண்டு பாதிகளாக இருக்கிறது. ஜூலை மாதக் கடைசியில், இருள் தலைவனான வோல்டெமார்ட்டை மூன்று முறை எதிர்த்து நின்ற பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை அவனை வெல்லும் வல்லமை கொண்டது என்பது முதல் பாதி. அந்தக் குழந்தையை அவனே தனக்கு நிகராக அடையாளமிடுவான் என்பது அடுத்த பாதியில் வருகிறது. ஒட்டுக்கேட்ட அவனுடைய ஆள் ஸ்னேப்பின் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். வோல்டெமார்ட் அந்தப் பாதியை நம்பிப் புறப்பட்டான். தாக்கினால் தன் வல்லமையில் ஒரு பங்கை எதிரிக்குக் கொடுத்துவிடுவோம் என்ற எச்சரிக்கை அவனிடம் வந்து சேரவேயில்லை.

அந்த விவரத்துக்குப் பொருந்தும் குழந்தைகள் இருவர்: ஹாரி பாட்டரும் நெவில் லாங்பாட்டமும். வோல்டெமார்ட் ஹாரியைத் தேர்ந்தெடுத்தான். தூய மந்திரவாதிக் குடும்பத்துப் பிள்ளையை விட்டுவிட்டுத் தன்னைப்போலவே கலப்புப் பிறப்புடையவனைத் தேர்ந்தெடுத்தான் என்று ஹாரியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் சுட்டிக்காட்டுகிறார். இதை நான் இந்த வரிசையின் மிகக் கூர்மையான இடமாகக் கருதுகிறேன். தூய ரத்தம் பற்றி உலகத்துக்கெல்லாம் முழங்கியவன், பயம் வந்தபோது தன்னைப் போன்றவனைத்தான் கண்டு அஞ்சினான். வாக்கு அவனுக்கு எதிரியைக் கொடுக்கவில்லை. அவனிடம் ஏற்கெனவே இருந்த அச்சத்துக்கு ஒரு முகவரி கொடுத்தது. ஆறாவது நாவலில் டம்பிள்டோர் இதை ஹாரிக்குப் பாடமாகவே நடத்துகிறார். மந்திர அமைச்சகத்தில் அடுக்கிவைத்திருக்கும் வாக்குகள் எல்லாம் பலித்துவிடவில்லை, இந்த வாக்குக்கு உயிர் கொடுத்தது வோல்டெமார்ட் வைத்த நம்பிக்கைதான் என்பது அவர் வாதம்.

ஐந்தாவது நாவல் 2003இலும் கடைசி நாவல் 2007இலும் வந்தன. அந்த நான்கு ஆண்டுகளில் ரசிகர்களின் யூகங்கள் ஒரு தனி நூலாகவே 2006இல் வெளிவந்தன. அவற்றில் பலித்தவற்றையும் பொய்த்தவற்றையும் பார்ப்பது பயனுள்ளது. வாக்கின் சொற்களைத் திருகி, உண்மையான நாயகன் நெவில்தான் என்றவர்கள் தோற்றார்கள். நெவில் பாம்பைக் கொல்லும் கடைசிப் போரில் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. வோல்டெமார்ட்டின் ஆன்மாத் துணுக்கு ஒன்று ஹாரிக்குள் இருக்கிறது என்று கணித்தவர்கள் வென்றார்கள். அவர்கள் நம்பியது வாக்கின் சொற்களை மட்டும் அன்று. பாம்பு மொழி ஹாரிக்கு வந்தது ஏன், தழும்பு வலிப்பது ஏன் என்று வோல்டெமார்ட்டின் பழைய செயலின் விளைவுகளைக் கோத்துப் பார்த்தார்கள். நான்காவது நாவலில், ஹாரியின் ரத்தத்தைக் கொண்டு வோல்டெமார்ட் உடலெடுத்தான் என்று கேட்டதும் டம்பிள்டோரின் கண்ணில் ஒரு கணம் வெற்றிக் களை மின்னி மறைகிறது. 2000இல் எழுதப்பட்ட அந்த ஒற்றை வாக்கியத்துக்கு விளக்கம் ஏழு ஆண்டு கழித்து வந்தது: ஹாரியை உயிரோடு வைத்திருந்தது வோல்டெமார்ட் தானே விரும்பி எடுத்துக்கொண்ட அந்த ரத்தம்தான். கடைசியில் அவனைக் கொன்றதும் அவன் ஏவிய கொலை மந்திரமே. திரும்பிவந்து அவன்மேலேயே பட்டது. சரியாகக் கணித்தவர்கள் வில்லனின் கையைப் பின்தொடர்ந்தவர்கள்.

இந்தப் பாடத்தோடு செர்சியிடம் போகலாம். அதற்கு முன், மார்ட்டின் வாக்குகளை எப்படி எண்ணுகிறார் என்பதற்கு ஒரு தடயம். ஆங்கிலேய ரோஜாப் போர்களின் கதை ஒன்றை அவர் நேர்காணலில் சொல்லியிருக்கிறார். கோட்டை ஒன்றின் சுவரடியில் சாவாய் என்று ஒரு பிரபுவுக்குக் குறிசொல்லப்பட்டது; அவர் அந்தக் கோட்டைப் பக்கமே போகாமல் தவிர்த்தார்; கடைசியில் கோட்டைப் படம் எழுதிய பலகை தொங்கிய ஒரு விடுதியின் வாசலில் வெட்டுண்டு விழுந்தார். 1455 மே 22 அன்று செயிண்ட் ஆல்பன்ஸ் சண்டையில் இறந்த சாமர்செட் பிரபுவைச் சுற்றி வளர்ந்த கதை அது. ஷேக்ஸ்பியரும் ஆறாம் ஹென்றி நாடகத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். இதைப் படித்தவர்கள் மார்ட்டின் ஒரு தந்திர முடிவை வைத்திருப்பார் என்று எதிர்பார்த்து, தம்பி என்ற உறவுக்குப் பொருந்தும் எல்லோரையும் இழுத்துவந்தார்கள். செர்சியின் மகன் டாமென் தன் அக்காவுக்குத் தம்பி. ஸ்டானிஸ் அவள் கணவன் ராபர்ட் மன்னனுக்குத் தம்பி. யூரான், சேண்டர் கிளிகேன் என்று பட்டியல் நீண்டது. உலகில் பாதி ஆண்கள் யாருக்காவது தம்பிதான். எல்லோருக்கும் பொருந்தும் விடை எதையும் விளக்குவதில்லை.

செர்சி செய்ததைப் பார்ப்போம். தம்பி என்றால் டிரியன்தான் என்று அவள் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. அந்த வெறுப்பு குறிகேட்டு வந்ததில்லை என்பதை மூன்றாவது நாவலிலேயே இளவரசன் ஓபரின் மார்ட்டெல் சொல்லிவிடுகிறான். டிரியன் தொட்டில் குழந்தையாக இருந்தபோதே, தாயைக் கொன்று பிறந்தவன் என்று அவனைச் செர்சி வதைத்ததை ஓபரின் நேரில் கண்டவன். குறிகேட்டது அதற்குச் சில ஆண்டுகள் பின்னால். வோல்டெமார்ட்டைப் போலவே இவளுக்கும் வாக்கு புதிதாக எதையும் தரவில்லை. இருந்த வெறுப்புக்கு நியாயம் தந்தது. தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் மனம் பிடிக்காத தம்பியிடம் போனது. பிடித்த தம்பியும் தம்பிதான் என்பது தோன்றவே இல்லை. ஜேமி தன் மறுபாதி என்பது அவள் நம்பிக்கை. தன் கையே தன் கழுத்தை நெரிக்கும் என்று யார் எண்ணுவார்?

பிறகு நடந்த சங்கிலியை வரிசையாக வைத்தால் வாக்கு வேலை செய்யும் விதம் தெரிகிறது. மகன் ஜாஃப்ரி விருந்தில் விஷத்தால் இறந்ததும், செய்யாத கொலைக்கு டிரியனைக் குற்றவாளியாக்குகிறாள். அவனை ஜேமி சிறையிலிருந்து விடுவிக்கிறான். விடுபடும் நேரத்தில் பழைய வஞ்சகம் ஒன்றைப் பற்றி ஜேமி சொல்லும் உண்மை டிரியனைக் கொதிக்கவைக்கிறது. பழிதீர்க்கக் கிளம்பும் அவன் கோபம் இரண்டு பேரைச் சாய்க்கிறது. தந்தை டைவின் அன்றிரவே குறுக்குவில்லுக்குப் பலியாகிறார். செர்சி வேறு ஆண்களோடு இருந்தாள் என்று அவன் பெயர் சொல்லிச் சொன்னது ஜேமியின் மனதில் தங்கி, நான்காவது நாவல் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நாவலின் முடிவில், கோயிலாரின் சிறையிலிருந்து காப்பாற்ற வரும்படி செர்சி அனுப்பிய கடிதத்தை ஜேமி நெருப்பில் போடச் சொல்லிவிடுகிறான். ஒரு தம்பிக்குப் பயந்து அவள் எடுத்த நடவடிக்கைகள்தான் இன்னொரு தம்பியை அவளிடமிருந்து பிரித்தன. அக்ரிசியஸின் பெட்டியும் கம்சனின் சிறையும் செய்த வேலை இது. குள்ளனான டிரியனின் தலைக்கு அவள் விலை வைத்ததும், பணத்துக்காக யார்யாரோ குள்ளர்களின் தலையைக் கொண்டுவந்து கொட்டுவதும் நாவலின் மிகக் கொடிய பக்கங்கள். குறி தவறிய வாக்கின் விலையை யாரென்றே தெரியாதவர்கள் கொடுக்கிறார்கள்.

இளைய அரசி பற்றிய வாக்கும் இப்படித்தான் நகர்கிறது. மகன் டாமெனை மணந்த மார்ஜரி டைரல்தான் அவள் என்று செர்சி முடிவுகட்டுகிறாள். மார்ஜரியைக் கற்பில்லாதவள் என்று நிறுவக் கோயிலாரைப் பயன்படுத்தத் திட்டமிடுகிறாள். மணிமுடி கோயிலுக்குப் பட்டிருந்த 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பொற்காசுக் கடனைத் தள்ளுபடி செய்ய, பதிலாகக் கோயிலார் ஆயுதமேந்தும் உரிமையைத் திருப்பிக் கொடுக்கிறாள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தடையிலிருந்த உரிமை அது. செருப்பில்லாமல் நடக்கும் புதிய தலைமைக் குருவை அவள் ஆளாகவே மதிக்கவில்லை. பொய்ச் சாட்சி சொல்ல அனுப்பிய ஆளைக் குரு விசாரித்த முறையில் உண்மை வெளிவர, அதே கோயிலார் செர்சியைச் சிறைபிடிக்கிறார்கள். உண்மையான இளைய அரசி டிராகன்களை உடைய டெனேரிஸா, வேறொருத்தியா என்ற விவாதம் நீளலாம். இதுவரை அவளைத் தள்ளிவிட்டது வாக்கில் பெயரே வராத, வெறுங்காலோடு நடக்கும் ஒரு கிழவர்.

ஆகவே, என் கணிப்பு ஜேமிதான். பலரும் சொல்லும் விடை என்பதால் அதைத் தவிர்க்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக முடிவை மாற்றினால், ஊன்றிவைத்த தடயங்கள் எல்லாம் பொய்யாகிவிடும் என்று மார்ட்டினே சொல்லியிருக்கிறார். தடயங்கள் கனமானவை. முதலில் வாசகருக்கு அறிமுகமாகும்போதே ஜேமி தன் அரசனைக் கொன்றவன். தலைநகரையே ‘காட்டுத்தீ’ என்ற எரிதிரவத்தால் எரிக்க உத்தரவிட்ட பைத்திய மன்னன் ஏரிசைக் கொன்று நகரைக் காப்பாற்றியவன் என்பது மூன்றாவது நாவலில்தான் தெரிகிறது. நான்காவது நாவலில் டாமெனின் திருமணத்தன்று, செர்சி அதே காட்டுத்தீயால் அமைச்சர் கோபுரத்தை எரித்து அதன் ஒளியில் நிற்கிறாள். அருகில் நிற்கும் ஜேமிக்கு ஏரிஸின் நினைவு வருகிறது. கடைசியில் அவன் முன்னால் வரப்போவது காதலும் பகையும் மட்டும் அல்ல. இளமையில் ஒருமுறை எடுத்த அதே முடிவை, தான் நேசித்தவளுக்கு எதிராக இன்னொருமுறை எடுக்கவேண்டிய நிலை.

இதற்கு எதிரான வலுவான வாதத்தை மறைக்கக் கூடாது. வாக்கில் கைகள் என்று பன்மை வருகிறது. ஜேமிக்கு வலக்கை இல்லை. டிரியனோ ஏற்கெனவே தன் காதலி ஷேயை நெரித்துக் கொன்றவன், அதுவும் பொற்கைகளைக் கோத்துச் செய்த அமைச்சர் சங்கிலியால். கொலை முறை டிரியனுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஜேமியின் வெட்டுண்ட மணிக்கட்டிலும் ஒரு பொற்கை பூட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே என் பதில். பிள்ளைகளின் முடியும் சவத்துணியும் பொன்னாகும் வாக்கில், பொற்கை ஒன்று முடிவுக்கு வருவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும், என் கணிப்பின் பலம் கையில் இல்லை, மேலே சொன்ன சங்கிலியில் இருக்கிறது. டிரியன் கொன்றால் செர்சி பயந்தது நடக்கிறது. அவ்வளவுதான். ஜேமி கொன்றால் அவள் பயந்ததனால் நடக்கிறது.

இந்த நாவல்களை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் இந்த இடத்தில் ஒரு பரிசோதனை முடிவைத் தருகிறது. 2015இல் ஐந்தாம் பருவத்தின் முதல் காட்சியாகவே கூடாரத்தைக் காட்டினார்கள். தம்பியைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். 2019இல், டெனேரிஸின் டிராகன் நகரை எரிக்கும்போது, இடிந்து விழும் அரண்மனைக்கு அடியில் ஜேமியின் அணைப்பில் செர்சி இறந்தாள். சிலர் அந்த அணைப்பிலேயே வாக்கின் நிழலைக் கண்டார்கள். எனக்கு அதில் ஏமாற்றமே மிஞ்சியது. அவள் இழைத்த எந்தத் தீங்கும் அந்தக் கல்லை அவள்மேல் கொண்டுவரவில்லை; அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் கல் விழுந்திருக்கும். வாக்கை வெட்டியபோது, அவள் செயலுக்கும் அவள் சாவுக்கும் இடையிலிருந்த நூலும் அறுந்துவிட்டது.

நாவலில் அந்த நூல் அறுபடாமல் இருக்கிறது. ஐந்தாவது நாவலான ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ முடியும் இடத்தில், செர்சி தன் சார்பில் போரிடும் ராட்சத வீரனை நம்பித் தீர்ப்புக்குக் காத்திருக்கிறாள். ஜேமி தன் படையை விட்டுவிட்டுப் பெண்வீரர் பிரியனோடு எங்கோ போயிருக்கிறான். மூன்று பிள்ளைகளில் ஜாஃப்ரி மட்டுமே இறந்திருக்கிறான். வாக்கின் வரிசைப்படி மிர்செல்லாவும் டாமெனும் போன பிறகுதான் கழுத்தில் கை விழவேண்டும். எனவே, ஆறாவது நாவல் கைக்கு வரும்போது நான் முதலில் தேடப்போவது ஜேமியை அல்ல, டாமெனை. அந்தச் சிறுவனின் சாவு எதிரிகளால் வந்தால் என் கணிப்பு பாதி பலவீனமாகும். அவனைக் காப்பாற்ற என்று செர்சி கொளுத்தும் ஏதோ ஒன்றால் வந்தால், அதைப் பார்த்துக்கொண்டு ஜேமி எங்கே நிற்கிறான் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.